தொழிலாளரைத் தோட்ட உரிமையாளராக்கிய துன் சம்பந்தன்

தலைநகர் கோலாலம்பூரில் நம்மவர் கடைகளும் கோயில்களும் நிறைந்த பகுதி பிரிக்பீல்ட்ஸ். அதன் நடுவே செல்லும் நெடிய சாலைக்குத் துன் சம்பந்தன் சாலை என்று பெயர். அமைச்சர்களின் பெயரைச் சாலைகளுக்குச் சூட்டுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. ஆயினும், இந்த அமைச்சரின் பெயர் தலைநகரச் சாலையைக் காட்டிலும் தோட்டப்புறத்து லயங்களில்தான் ஆழப் பதிந்துள்ளது. அதற்குக் காரணம் யாது? தேயிலை மலையில் வாழும் நாமும், நம் பிள்ளைகளும் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

பேராக் மாநிலத்தில், கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையே சுங்கை சிப்புட் என்னும் ஊர் உள்ளது. 1919ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள் அவ்வூரில் சம்பந்தன் பிறந்தார். தந்தையார் வீராசாமி, தமிழ்நாட்டிலிருந்து 1896ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தவர். உழைப்பால் உயர்ந்து, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டம் உடையவரானார். தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரின் பெயரைத் தம் மகனுக்கு இட்டார். வீ. தி. சம்பந்தன் என்னும் சுருக்கத்தின் விரிவு, வீராசாமி திருஞானசம்பந்தன் என்பதாகும்.

இளமையில் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பயின்ற சம்பந்தன், உயர்கல்விக்காகத் தமிழ்நாடு சென்று, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போராட்டம் சுடர்விட்டு எரிந்த காலம் அது. மாணவர் சம்பந்தனும் அவ்வியக்கத்தில் ஈடுபாடு கொண்டார். காந்தியடிகளின் எளிமையும் பொறுமையும் அவருடைய உள்ளத்தில் நிலைபெற்றன. பிற்காலத்தில் அமைச்சராக உயர்ந்த பின்னும் அவை அவரை விட்டு அகலவில்லை.

பள்ளி எழுப்பிய பணி

உலகப் போர் முடிந்தபின் சம்பந்தன் சொந்த ஊரில் தம் குடும்பத் தோட்டத்தைக் கவனித்து வந்தார். அக்காலத்தில் தோட்டப்புறம் அமைதியாக இல்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சுங்கை சிப்புட் வட்டாரத்திலேயே ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் இரு தரப்பு அச்சத்துக்கும் இடையே நாள்களைக் கழித்தனர்.

இத்தகைய சூழ்நிலையிலும் சம்பந்தன் கல்வியை மறக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி அவர் முயற்சியால் எழுந்தது. 1954ஆம் ஆண்டில் நேருவின் தங்கையார் விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். காந்தியின் பெயரைத் தாங்கி அப்பள்ளி இன்றும் பிள்ளைகளுக்கு அறிவூட்டி வருகின்றது.

அரசியலும் அமைச்சும்

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பேராக் மாநிலத் தலைவராகப் பணியாற்றிய சம்பந்தன், 1955ஆம் ஆண்டில் கட்சியின் ஐந்தாவது தேசியத் தலைவரானார். தொடக்க காலத்தில் படித்தவர்களும் நகர்ப்புறத்தாருமே கட்சியில் மிகுந்திருந்தனர். தமிழில் எளிமையாகப் பேசவல்ல சம்பந்தன் தலைவரானபின், தோட்டத்து மக்கள் பெருந்திரளாக அதில் சேர்ந்தனர்.

1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாவின் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான கூட்டணி, போட்டிக்குரிய 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. வடக்கு கிந்தா தொகுதியில் வெற்றி பெற்ற சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை அடைந்தபொழுது, இந்திய சமூகத்தின் பெயரால் துங்குவோடு தோள் சேர்ந்து நின்றவர் அவரே. பின்னர்ச் சுகாதார அமைச்சராகவும், 1959ஆம் ஆண்டு முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்றார். 1959, 1964, 1969 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சுங்கை சிப்புட் மக்கள் அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினராவதும் அமைச்சராவதும் பெருமைக்குரியவையே. ஆனால், சம்பந்தனை நினைக்கச் செய்வது அப்பதவிகளன்று. அவர் அமைச்சராக இருந்தபொழுது தோட்டப்புறத்தை ஒரு பெருந்துன்பம் சூழ்ந்தது. அதனை எதிர்த்து அவர் செய்த செயலே அவரை நினைக்கச் செய்கின்றது.

துண்டாடல் என்னும் துன்பம்

விடுதலைக்கு முன்னும் பின்னும் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். அவற்றை வாங்கியோர் முழுத் தோட்டத்தையும் நடத்த விரும்பவில்லை. தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் கூடுதல் விலைக்கு விற்றனர். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர்.

நிலம் கைமாறினால் தொழிலாளிக்கு என்ன இழப்பு என்று சிறுவர் வினவலாம். பெரிய தோட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் பால்மரம் வெட்டினர். பத்து ஏக்கர் வாங்கிய ஒருவருக்கு அத்தனை ஆள் வேண்டுவதில்லை. வேலை போயிற்று. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்த வீடு. ஆகவே, வேலை போனவுடன் வீடும் போயிற்று. பெரிய தோட்டத்தில் மருந்தகம் இருந்தது, பிள்ளைக் காப்பகம் இருந்தது, தமிழ்ப்பள்ளியும் இருந்தது. துண்டு நிலத்தின் உடைமையாளர் இவற்றை நடத்தவில்லை. மூன்று தலைமுறையாகக் காட்டைத் திருத்தி, மரம் நட்டு, பால் வெட்டிய மக்கள், பெட்டி படுக்கையுடன் சாலையோரத்தில் நிற்கும் நிலை வந்தது. தம்முடையதென்று சொல்ல அவர்களுக்கு ஓரடி மண்ணும் இல்லை.

பத்து வெள்ளித் திட்டம்

இத்துயரைக் கண்ட சம்பந்தன், கண்டித்துப் பேசுவதோடு நின்றுவிடவில்லை. விற்பனைக்கு வரும் தோட்டத்தைப் பணம் உடையவர் வாங்குகின்றார். அப்பணத்தைத் தொழிலாளரே திரட்டினால் அவர்களே வாங்கலாம் அன்றோ என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

திட்டம் மிக எளியது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. நாளொன்றுக்குச் சில வெள்ளியே கூலி பெற்ற தொழிலாளியால் நூறு வெள்ளியை ஒரே முறையில் கொடுத்தல் இயலாது. ஆகவே, பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்று விதி செய்தனர். பத்து முறை செலுத்தினால் ஒரு பங்கு. ஆயிரம் பேர் சேர்ந்தால் ஓர் இலட்சம் வெள்ளி. பத்தாயிரம் பேர் சேர்ந்தால் பத்து இலட்சம் வெள்ளி. சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழியைக் கணக்காகவே செய்து காட்டிய திட்டம் இது.

கணக்கு எளிது, அதனை நிறைவேற்றுவது எளிதன்று. வியர்வை சிந்திச் சேர்த்த காசைப் பிறரிடம் கொடுக்கத் தொழிலாளர் அஞ்சினர். அந்த அச்சத்தில் தவறேதும் இல்லை. அதனைப் போக்குவதற்கு அறிக்கை போதாது. ஆள் நேரில் வரவேண்டும். அமைச்சர் சம்பந்தன் தம் துணைவியார் தோ புவான் உமா சுந்தரியுடன் தோட்டந்தோறும் சென்றார். அவ்விருவரும் 1956ஆம் ஆண்டில் மணம் புரிந்தவர்கள். தொழிலாளரிடையே அமர்ந்து, பங்கு என்றால் என்ன, கூட்டுறவு என்றால் என்ன என்பவற்றைப் பொறுமையாக விளக்கினர். தோட்ட முதலாளியின் மகனாகப் பிறந்தவர், தொழிலாளரை முதலாளிகளாக்க ஊர் ஊராக நடந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1961ஆம் ஆண்டில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே முதல் தோட்டம். அத்தோட்டம் துண்டாடப்படவில்லை. தொழிலாளரின் காசைக் கொண்டு தொழிலாளரின் சங்கமே அதற்கு உரிமை பூண்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. சம்பந்தனின் மறைவுக்குப் பின் உமா சுந்தரி அம்மையார் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றினார். அச்சங்கம் இன்றும் இயங்கி வருகின்றது.

எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காக்க இயலவில்லை என்பதையும் கூறுதல் முறை. விற்பனைக்கு வந்த நிலம் மிகப் பெரிது. திரண்ட நிதியோ சிறிது. சங்கம் எட்டாத இடங்களில் குடும்பங்கள் சிதறவே செய்தன. பிற்காலத்தில் எத்தனையோ தோட்டங்கள் நகர்களாகவும் மாறிவிட்டன. ஆயினும், தொழிலாளியும் நிலம் வாங்கலாம் என்பது அதற்கு முன் யாரும் கண்டிராத காட்சி. அதனைக் கண்ணெதிரே காட்டியவர் சம்பந்தன்.

இறுதிக் காலம்

1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. நாட்டு மக்களிடையே நல்லுறவை மீண்டும் வளர்ப்பது அரசின் முதற் கடமையாயிற்று. 1972ஆம் ஆண்டில் தேசிய ஒற்றுமை அமைச்சர் பதவி சம்பந்தனுக்கு அளிக்கப்பட்டது. எவரிடமும் கடிந்து பேசாத அவரது இயல்புக்கு ஏற்ற பொறுப்பு அது.

கட்சிக்குள் தலைமை மாற்றம் வேண்டும் என்னும் குரல் எழுந்தபொழுது, 1973ஆம் ஆண்டில் அவர் பதவியினின்று விலகினார். 18 ஆண்டுகள் வகித்த தலைமை வீ. மாணிக்கவாசகத்திடம் சென்றது. 1974ஆம் ஆண்டில் அமைச்சர் பதவியையும் துறந்தார். அதன்பின் தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகச் சில ஆண்டுகள் தொண்டாற்றினார். கூட்டுறவுச் சங்கப் பணியை மட்டும் அவர் கைவிடவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அறுபது வயது நிறைவதற்கு முன்னரே, துன் சம்பந்தன் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் அறிய வேண்டுவது

இரப்பர்த் தோட்டத்துக் கதை தேயிலைத் தோட்டத்துக்கு எதற்கு என்று கேட்பார் இருக்கலாம். பயிர் வேறு, வாழ்க்கை ஒன்றே. கீழ்நாட்டார் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினர். நம் முன்னோர் பனியில் நனைந்து கொழுந்து பறித்தனர். இரு சாராரும் வேலையோடு வந்த வீட்டில் பிறந்து, வேலையோடு வந்த வீட்டில் வளர்ந்தவர்கள். வேலை முடியும் நாளில் எங்கே குடியிருப்பது என்னும் கேள்வி தோட்டத்துப் பெற்றோர் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் உண்டு.

அக்கேள்விக்குத் துன் சம்பந்தன் தந்த விடை இரங்கற் சொல்லன்று, ஒரு கணக்கு. தனியொருவரின் பத்து வெள்ளி சந்தைச் செலவுக்கும் போதாது. பல்லாயிரவர் ஒருவரையொருவர் நம்பிச் சேர்த்த பத்து வெள்ளி மலையையும் விலை பேசும். அந்த நம்பிக்கையைப் பெறுவதற்குத் தலைவர் நேர்மையாளராக இருத்தல் வேண்டும். சேர்ந்த மக்களும் கணக்கைப் படித்துக் கேட்கும் அறிவுடையோராக இருத்தல் வேண்டும். முன்னதைச் சம்பந்தன் வாழ்ந்து காட்டினார். பின்னதற்காகவே அவர் பள்ளி எழுப்பினார்.

ஆகவே, மாணவச் செல்வங்களே! கூட்டலும் பெருக்கலும் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று எண்ணாதீர். பெற்றோரீர்! மாதந்தோறும் சிறு தொகையேனும் பிள்ளையின் கையாலேயே சேமிப்பில் இடச் செய்யுங்கள். தம் மண் என்று சொல்ல ஒரு மண் வேண்டும் என்று ஏங்கிய மக்களுக்கு வழிகாட்டிய அப்பெருமகனாரின் பெயர் நம் மலையிலும் நிலைத்து நிற்பதாக!