முதுகு ஒடிந்தவர்களை வாழவைத்த டாக்டர்

1917-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் கோனிக்ஷூட்டே என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. (அந்த ஊர் இப்போது போலந்தைச் சேர்ந்தது.) லுட்விக் குட்மன் என்ற வாலிபர் அங்கே உதவியாளராக வேலை பார்த்தார்.

ஒருநாள், கட்டுமஸ்தான ஒரு தொழிலாளியைத் தூக்கிவந்தார்கள். சுரங்கத்தில் அவருக்கு முதுகெலும்பு ஒடிந்துவிட்டது. கால்களில் உணர்ச்சி இல்லை. சில வாரங்களில் இறந்துவிடுவார், அவரைப்பற்றி எழுதிவைப்பதுகூட வீண் என்று டாக்டர்கள் கைவிட்டார்கள். அப்படியே அவர் இறந்தும் போனார்.

குட்மன் அதை மறக்கவே இல்லை.

தப்பி வந்தார்

பிறகு குட்மன் படித்து, பெயர்பெற்ற நரம்பு டாக்டர் ஆனார். அவர் யூதர். ஹிட்லர் ஆட்சியில் யூதர்களின் உயிருக்கு ஆபத்து வந்தது. 1939-ல் மனைவி, 2 குழந்தைகளுடன் இங்கிலாந்துக்குத் தப்பிச்சென்றார்.

இரண்டாம் உலகப்போரில் பல சிப்பாய்களுக்கு முதுகெலும்பு முறிந்தது. அவர்களுக்காக, 1944 பிப்ரவரி 1-ந் தேதி, ஸ்டோக் மாண்டவில் என்ற கிராமத்து ஆஸ்பத்திரியில் தனிப்பிரிவு திறந்தார்கள். குட்மன் அதற்குத் தலைமை டாக்டர் ஆனார்.

உயிரைக் குடித்தது எது?

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அறுந்தால், அதைப் பழையபடி ஆக்க இன்றும் வழி இல்லை. ஆனால் நோயாளிகளின் உயிரைக் குடித்தவை வேறு இரண்டு. ஒன்று, படுக்கைப்புண். மற்றொன்று, சிறுநீர்ப்பையில் சீழ்பிடிப்பது. உணர்ச்சி இல்லாததால், உடம்பு புண்ணாவது நோயாளிக்குத் தெரியாது.

குட்மன் ஒரு கட்டளை போட்டார். இரவு பகல் பாராமல், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்! முதுகு வளையாதபடி சிப்பந்திகள் பலர் சேர்ந்து புரட்டினார்கள். நடுராத்திரியில் குட்மனே வந்து பார்ப்பார். சிறுநீரைச் சுத்தமான முறையில் வெளியேற்றவும் ஏற்பாடு செய்தார்.

சாவுக்குக் காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

வில்லும் அம்பும்

பிழைத்தவர்கள் சும்மா இருக்கக்கூடாது என்பது குட்மனின் பிடிவாதம். அவர்களுக்குத் தச்சுவேலை, கடிகாரம் பழுதுபார்ப்பது எல்லாம் கற்றுக்கொடுக்கச் செய்தார். விளையாடவும் வைத்தார்.

1948 ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவிலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அந்த விதைதான் வளர்ந்து, 1960-ல் ரோம் நகரில் 23 நாட்டு வீரர்கள் கூடிய போட்டியாயிற்று. இன்று உலகமே பார்க்கும் பாராலிம்பிக் அதுதான்.

1966-ல் குட்மனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1980-ல், 80-வது வயதில் அவர் காலமானார்.

படுக்கைப்புண் வராமல் காப்பதற்குப் பெரிய யந்திரம் தேவை இல்லை. நேரம் தவறாமல் புரட்டிவிடும் கைகள் வேண்டும். உடம்பைத் தினமும் பார்க்கும் கண்கள் வேண்டும். சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும், வீட்டிலும்கூட இதைச் செய்யலாம். செய்தால் ஓர் உயிர் பிழைக்கும்.