நண்டு முட்டையைத் தின்னும் புழு... முதலில் பெயர் வைத்த கோலிக்கர் யார்?

அமெரிக்காவின் மத்திய கலிபோர்னியாவில் 1960 வாக்கில் டஞ்செனஸ் நண்டு பிடிப்பு மளமளவெனச் சரிந்தது. ஆண்டுகள் பல கடந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காரணம் தேடிய ஆய்வாளர்களின் சந்தேகப் பட்டியலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவும் இருந்தது. அந்தப் புழு வகையை அறிவியலுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர், ஆல்பர்ட் வான் கோலிக்கர். யார் இவர்?

சூரிச் டூ சிசிலி

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1817 ஜூலை 6-ல் பிறந்தார் கோலிக்கர். படித்தது மருத்துவம். ஆனா, கண் எப்பவும் மைக்ராஸ்கோப்பில்தான். 1841-ல் விந்தணுக்கள் ஒட்டுண்ணிகள் அல்ல, உடலின் செல்களிலிருந்தே உருவாகின்றன என்று காட்டினார். 1842-ல் நேப்பிள்ஸ், சிசிலி கடற்கரைகளுக்குப் போய் கடல் உயிரினங்களை ஆராய்ந்தார். நண்டில் வாழும் புழு ஒன்றை 1845-ல் விவரித்தார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள், நண்டை நேசிப்பது!

நேசமா, நாசமா?

இந்த வகைப் புழுக்கள் நண்டின் உடலில் ஒட்டிக் காத்திருக்கும். பெண் நண்டு முட்டையிட்டு அதை வயிற்றுக்கு அடியில் சுமக்கத் தொடங்கியதும், சினைக்குள் புகுந்துவிடும். முட்டையைத் துளைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சும். ஒரு சினை நண்டு லட்சக்கணக்கில் முட்டை சுமந்தாலும், புழுக்கள் பெருகினால் தாங்காது. கலிபோர்னியாவில் முட்டைகளில் ஏறக்குறைய பாதி இப்படிப் போவதாக 1970களில் கணக்கிட்டார்கள். அங்கிருந்தது கோலிக்கர் பார்த்த இனத்தின் நெருங்கிய உறவு. அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது 1978-ல்தான். 1980களில் அலாஸ்காவின் சிவப்பு ராஜ நண்டுகளிலும் இதே வகைப் புழுக்கள் முட்டைகளை அழித்தது தெரியவந்தது.

இரண்டு நோபல்காரர்களின் நண்பர்

1847-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போன கோலிக்கர், கடைசிவரை அந்த ஊரில்தான் இருந்தார். 1852-ல் அவர் எழுதிய திசுவியல் நூல் பல தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடமானது. 1889-ல் பெர்லின் மாநாட்டில், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஸ்பெயின்காரர் ஒருவரின் நரம்பு செல் ஸ்லைடுகளைப் பார்த்து அசந்துபோனார். அவர் எழுதியதைப் படிக்கவே ஸ்பானிஷ் கத்துக்கிட்டார். அந்த ஸ்பெயின்காரர், ரமோன் இ கஹால். 1906-ல் நோபல் வென்றார்.

1896 ஜனவரி 23. ரான்ட்ஜென் தன் புதிய கதிர்களை வூர்ஸ்பர்க் மேடையில் விளக்கினார். கை நீட்டி எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவர், 78 வயது கோலிக்கர். அந்தக் கதிர்களுக்கு ரான்ட்ஜெனின் பெயரையே வைக்கலாம் என்று முன்மொழிந்தவரும் அவர்தான். 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் ரான்ட்ஜெனுக்குப் போனது.

இப்போது ஏன் இந்தக் கதை?

1905 நவம்பர் 2-ல் 88 வயதில் கோலிக்கர் மறைந்தபோது, அந்தப் புழுவால் மீனவர்களுக்கு நஷ்டம் வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. எந்தப் பலனையும் எதிர்பார்க்காமல் ஒருவர் பார்த்து எழுதி வைத்த குறிப்பு, 130 ஆண்டுகள் கழித்து ஒரு மீன்பிடித் தொழிலின் சரிவைப் புரிந்துகொள்ள உதவியது. இந்தப் புழுவை வச்சு என்ன பண்றதுன்னு அன்று யாராவது கேட்டிருந்தால், அவரிடமே பதில் இருந்திருக்காது.