இராபர்ட் நோபிள்

கனடா நாட்டு டொராண்டோ மாநகரில் 1910 ஆம் ஆண்டில் பிறந்தவர் இராபர்ட் லாயிங் நோபிள். அவருடைய தமையனார் கிளார்க் நோபிளும் மருத்துவரே. 1921 ஆம் ஆண்டில் அந்நகரில் பேண்டிங் என்பார் நீரிழிவுக்கு மருந்து காணப் புகுந்தபோது, அவருக்குத் துணையாக முதலிற் செல்பவர் கிளார்க்கா, சார்லஸ் பெஸ்டா என்று நாணயம் சுண்டிப் பார்த்தனர் என்பர். வென்றவர் பெஸ்ட். எனினும் கிளார்க்கும் பின்னர் இன்சுலின் ஆராய்ச்சியிற் பங்குகொண்டார்.

இராபர்ட் 1934 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று மேலும் பயின்றார். பின்னர், இன்சுலினைத் தூய்மை செய்த கொல்லிப் என்னும் அறிஞரோடு பணியாற்றினார். 1947 இல் இருவரும் மேற்கு ஒன்டாரியோப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றனர்.

1952 ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து கிளார்க்குக்கு ஓர் உறை வந்தது. அதனுள் இருந்தவை 25 இலைகள். நம் நாட்டார் நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டுமல்லி என்றும் வழங்கும் செடியின் இலைகளே அவை. இன்சுலின் கிடையாதபோது அத்தீவினர் அவற்றைக் காய்ச்சி நீரிழிவுக்குப் பருகி வந்தனர். கிளார்க் அவ்விலைகளைத் தம்பிக்கு அனுப்பினார்.

இராபர்ட் இலைச்சாற்றை விலங்குகளுக்கு ஊட்டிப் பார்த்தார். குருதியிலுள்ள சருக்கரை சிறிதும் குறைந்திலது. வாய்வழிச் செல்லாமல் ஊசிவழிச் செலுத்தினால் பயன் விளையுமோ என்று எலிகளுக்குச் செலுத்தினார். அப்பொழுதும் சருக்கரை குறையவில்லை. சில நாட்களில் எலிகள் சீழ்க்கட்டிகள் தோன்றி மாண்டன. மருந்து பயன்படாது என்று இரண்டு வரி எழுதிக் குறிப்பேட்டை மூடியிருப்பினும் அவரைக் குறை கூறுவார் ஒருவரும் இரார். அவரோ, இறப்பின் காரணத்தை ஆராய்ந்தார். எலிகளின் குருதியில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன; அவற்றைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சையும் நலிந்திருந்தது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை இழந்தமையாலேயே அவை மடிந்தன.

வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகுவது ஒருவகைப் புற்றுநோய். அவ்வணுக்களைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாமன்றோ? நீரிழிவு மருந்தைத் தேடிய முயற்சி இவ்வாறு திசை மாறியது.

சாற்றில் அடங்கிய பொருளைப் பிரித்தெடுப்பது எளிதாயில்லை. 1954 இல் வந்து சேர்ந்த வேதியியலறிஞர் சார்லஸ் பீர் இப்பணியை மேற்கொண்டார். ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்றால், அவர் பட்ட பாட்டினை உய்த்துணரலாம். 1958 இல் அப்பொருள் தூய நிலையிற் கிடைத்தது. வின்பிளாஸ்டின் என்பது அதன் பெயர். அமெரிக்க நாட்டு எலி லில்லி நிறுவனத்தாரும் இதே செடியைத் தனியே ஆராய்ந்து, புற்றுநோயை எதிர்க்கும் அதன் ஆற்றலைக் கண்டிருந்தனர். பின்னர் இருசாராரும் ஒத்துழைத்தனர்.

வின்பிளாஸ்டின் உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது. ஆதலின் விரைந்து பெருகும் புற்றணுக்கள் அழிகின்றன. நல்ல வெள்ளணுக்களும் உடன் குறைதலால், மருத்துவர் அளவறிந்தே இதனைச் செலுத்துவர். ஹாட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ப் புற்றுக்கு இது சிறந்த மருந்தாயிற்று.

1960 இல் நோபிள் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். 1990 ஆம் ஆண்டில் தமது 80 ஆம் வயதில் காலமானார்.