கிதார் வித்துவான் ஜாங்கோ ரைன்ஹார்ட்

தந்தி வாத்தியங்களுக்கு இயற்கையாய் அமைந்த குறை ஒன்றுண்டு. அவற்றின் ஒலி சிறிது. நான்கு சுவருக்குள் பத்துப்பேர் கேட்க வாசிக்கும்போது இக்குறை தோன்றாது. பித்தளைக் குழல்களும் முரசும் முழங்கும் மேடையில், பேசியும் சிரித்தும் நடனமாடும் கூட்டத்தின்முன் வாசிக்கும்போதோ, வித்துவானுடைய திறமையிற் பாதி அவர் காதளவிலேயே நின்றுவிடும். சென்ற நூற்றாண்டில் மின்சாரம் இதற்கு மருந்தாய் வந்தது. ஆனால், நோய் தீர்ந்தாலும் நோயாளியின் குரல் மாறிவிடக்கூடும் என்னும் அச்சமும் உடன் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று துணிந்து ஒரு முடிவு செய்தவருள் முதன்மையானவராக நாம் கருதுவது, கிதார் வித்துவான் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை. அவர் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அவரைச் சுட்ட தீயையும் எஞ்சிய இரண்டு விரல்களையும் விரித்துரைத்து, கடைசி ஆறேழு ஆண்டுகளைச் சில வரிகளிற் கடந்துபோவர். நாம் அந்தக் கடைசி ஆண்டுகளிலேயே சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

ஜாங்கோ 1910ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் லிபர்ஷி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ரோமா மக்களுள் மனூஷ் என்னும் பிரிவினர். குதிரை பூட்டிய வண்டியே வீடாக ஊரூராய்ச் செல்வோர். பாரிஸ் நகரத்தின் எல்லைப்புறத்தில் அவ்வண்டிகள் நின்ற வெளியிலே சிறுவன் வளர்ந்தான். பள்ளிக்கூடம் அவனை அதிகம் கண்டதில்லை. பன்னிரண்டு வயதளவில் கையில் ஏறியது பாஞ்சோ என்னும் வாத்தியம். தோல் போர்த்த முகமுடைய அது கணீரென்று ஒலிக்கும். நடனசாலைகளில் அக்கார்டியன் வாசிப்போர்க்குப் பக்கவாத்தியமாய் அமர்ந்து பிழைத்த சிறுவனுக்கு அத்தகைய ஒலியே வேண்டியிருந்தது. ஆகவே, இரைச்சலின் நடுவே தன் வாசிப்புக் கேட்கப்படுவது எவ்வாறு என்பதே அவன் தொழிலிற் கற்ற முதற்பாடம்.

1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓரிரவு, மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாயிடு பூக்களில் மெழுகுவர்த்திச் சுடர் பற்றி வண்டிவீடு எரிந்தது. ஜாங்கோவுக்கு அப்போது வயது பதினெட்டு. வைத்தியர்கள் காலை வெட்டிவிடக் கருதினர், அவர் இசையவில்லை. கால் பிழைத்தது. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கியவை மடங்கியவையே. நெடுநாட் படுக்கையிற் கிடந்தபோது பாஞ்சோவை விட்டுக் கிதாரை எடுத்துக்கொண்டு, சுட்டுவிரல் நடுவிரல் இரண்டினாலேயே விரற்பலகை முழுவதும் ஓடிப் பழகினார். இச்செய்தி உலகறிந்தது, மேலும் விரிக்க வேண்டுவதில்லை. அவர் பாஞ்சோவை விட்டபோது அதன் உரத்த ஒலியையும் விட்டார் என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைப்பாராக.

1934ஆம் ஆண்டில் வயலின் வித்துவான் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு கூடிப் பாரிஸ் நகரத்து ஹாட் கிளப் சார்பில் ஐவர் குழு ஒன்றை அமைத்தார். ஒரு வயலின், மூன்று கிதார், ஒரு பெரும் பாஸ். ஐந்தும் தந்திக் கருவிகள். முரசு இல்லை, ஊதுகுழல் இல்லை. ஜாஸ் சங்கீதத்தில் இது புதுமையென்று எல்லோரும் வியந்தனர். நமக்கோ இதில் ஒரு விவேகமும் தோன்றுகிறது; கிதார் தலைமை ஏற்க வேண்டுமாயின் அதனை மூழ்கடிக்கும் கருவி எதுவும் அவ்வவையில் இருத்தலாகாது. வாத்தியமும் அதற்கேற்றதாய் வாய்த்தது. பாரிஸிலிருந்த செல்மர் கம்பெனியார், இத்தாலிய வித்துவானாகிய மரியோ மக்காஃபெர்ரி வகுத்த அமைப்பின்படி 1932 முதல் கிதார்கள் செய்து விற்றனர். மெல்லிய மேற்பலகை, எஃகுத் தந்தி, பெட்டியில் ஒட்டாது தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்கும் குதிரை. பின்னர் வந்தவற்றில் முட்டைவடிவான சிறிய ஒலித்துளை. எறியும் கல்போல நேரே சென்று எட்டும் ஒலி அதற்கு உண்டு. ஆனால் மீட்டிய சுரம் விரைவில் அடங்கிவிடும். இவ்வடக்கத்தை மறைக்கவே ஜாங்கோ சுரங்களை மழைபோற் பொழிந்தார் போலும் என்று எண்ணவும் இடமுண்டு.

1939இல் யுத்தம் மூண்டபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். வயலினுக்கு ஈடாகக் கிளாரினெட் வந்தது, முரசும் வந்தது. புகழ்பெற்ற மேகங்கள் என்னும் பொருளுடைய 'நுவாஷ்' 1940இல் அவ்வமைப்பிலேயே பதிவாயிற்று. ஐரோப்பா முழுவதும் ரோமா மக்கள் இலட்சக்கணக்கிற் கொல்லப்பட்ட அவ்வாண்டுகளில் அவர் உயிர் தப்பியது வியப்பே; 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பியோட முயன்றும் எல்லையிலிருந்து திரும்ப நேர்ந்தது. நிற்க. முரசு வந்த நாள்முதல் கிதாரின் பழைய குறை மீண்டும் தலையெடுத்தது. முன்னால் மைக்ரோபோன் வைத்தால் அது முரசையும் சேர்த்தே வாங்கும். வாசிப்பவர் சற்றே அசைந்தாலும் ஒலி குன்றும்.

கடலுக்கு அப்பால் இதற்குள் வேறொரு காரியம் நடந்தேறியிருந்தது. அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்திலேயே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு தந்தியின் அசைவை மின்னோட்டமாக்கும் பிக்கப் என்னும் சிறுகருவி விற்பனைக்கு வந்துவிட்டது. சார்லி கிரிஸ்டியன் என்னும் இளைஞர் 1939இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்து, அத்தகைய கிதாரைச் சாக்ஸபோன் போல நீளப் பாட வைத்தார். 1942இல் இருபத்தைந்து வயதில் மறைந்தார். ஜாங்கோ 1946ஆம் ஆண்டின் இறுதியில் டியூக் எலிங்டன் குழுவோடு வாசிக்க அமெரிக்கா சென்றார். தம் செல்மரை உடன் கொண்டுசெல்லவில்லை; அங்குள்ள கம்பெனியார் போட்டியிட்டுக் கிதார் கொணர்வர் என்பது அவர் எண்ணம். எவரும் கொணரவில்லை. கடன்கருவியாய்க் கிடைத்தது கிப்சன் கம்பெனியாரின் மின்சாரக் கிதார். கார்னகி மண்டபத்தில் இரண்டாம் நாட் கச்சேரிக்குக் காலங்கடந்து வந்ததும் அப்பயணத்திலேதான். 1947 தொடக்கத்தில் மனம் நிறையாமலே ஊர் திரும்பினார்.

இங்கேதான் நாம் சொல்லக் கருதிய முடிவு வருகிறது. ஒலி பெருக வேண்டும் என்பதை அமெரிக்கப் பயணம் ஐயமற உணர்த்தியது. அதற்கு எளிய வழி, அங்கு வாசித்தது போன்ற மின்சாரக் கிதாரையே வாங்கிக்கொள்வது. ஜாங்கோ அதனைச் செய்யவில்லை. தம் கைக்குப் பழகிய செல்மரையே வைத்துக்கொண்டு, அதன்மேல் ஸ்டிமர் என்னும் பிரெஞ்சுப் பிக்கப்பைப் பொருத்திக்கொண்டார். அது ஒலித்துளையை அடுத்துத் தந்திகளின் அடியில் அமர்வது. பெட்டியை அறுத்து உள்ளே பதிக்க வேண்டாதது. இரண்டு விரலால் வாசிப்பவருக்கு விரற்பலகையின் அகலமும் மெட்டுக்களின் இடைவெளியும் உயிர்நிலை போன்றவை. அவை மாறாதிருக்க ஒலி மட்டும் மாறியது. இம்முடிவின் நுண்மையை இசையறிஞர் பலரும் போதிய அளவு பாராட்டவில்லை என்பது நம் கருத்து.

நம் மாணவருள் கிதார் வைத்திருப்போர் சிலர் பிக்கப் பொருத்த எண்ணுவதுண்டாதலின், இதன் இயல்பைச் சற்று விளக்குவோம். காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அவ்வசைவு சுற்றியுள்ள நுண்கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. 1831இல் பாரடே கண்ட உண்மை இதுவே. ஆகவே இவ்வகைப் பிக்கப் கேட்பது தந்தியை. மரப்பெட்டியைப் பெரும்பாலும் கேளாது. நைலான் தந்திக்கும் குடல்நரம்புக்கும் அது முழுச்செவிடு. செல்மரின் தந்தி எஃகு உள்ளீடு உடையதாதலின் ஜாங்கோவுக்கு இத்தடை இல்லை. விரற்பலகையின் பக்கமாய் வைத்தால் ஒலி திரண்டு மென்மையாகும். குதிரையை நெருங்க நெருங்கக் கூர்மையாகும். தந்திக்கு மிக அண்மையில் உயர்த்தினால் ஒலி உரக்கும், ஆயின் காந்தம் தந்தியைப் பற்றியிழுத்துச் சுரத்தைக் கலைக்கும். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டிப் பார்த்து உயரத்தைச் சரிசெய்வதே முறை.

இன்னுமொரு தொல்லை உண்டு. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை கிதாரின் வெற்றுப்பெட்டியைத் தாக்கி அதிரச்செய்யும். அவ்வதிர்வு தந்தியிற் புகும். தந்தியைப் பிக்கப் கேட்டு மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும். இவ்வட்டம் சுழன்று சுழன்று ஊளையாக முடியும். மேற்பலகை மெல்லியதாகுந்தோறும் ஊளை விரைந்து வரும். செல்மருடையதோ மிக மெல்லியது. ஒலிபெருக்கியைக் கிதாருக்கு நேரே வையாது பக்கமாய் விலக்குதலும், கீழ்ச்சுர ஒலியைக் குறைத்தலும், வாசியாத வேளையில் உள்ளங்கையால் தந்திகளை அடக்குதலும் வாசிப்பவர் கைக்கொள்ளும் வழிகள். பிற்காலத்தார் குதிரையின் அதிர்வையே பற்றும் அழுத்தமின்படிகப் பிக்கப்பைக் கண்டனர். அது மரத்தின் குரலையும் ஓரளவு கொணரும், விரல்நகம் பலகையில் தட்டுவதையும் கூடவே கொணரும். ஜாங்கோவின் வழியில் வாசிப்போர் இன்றும் இவ்விரண்டனுள் எது சிறந்ததென வாதிடுகின்றனர். அமைதியான சிறு அவைக்குக் குதிரைப் பிக்கப்பும், முரசுள்ள அவைக்குக் காந்தப் பிக்கப்பும் ஏற்றவை என்பது நம் எண்ணம்.

மின்னொலி வந்தபின் ஜாங்கோவின் வாசிப்பே மாறியது. முன்பு அடங்கிவிட்ட சுரம் இப்போது நீண்டு நின்றது; ஆகவே பொழிய வேண்டிய தேவை குறைந்தது. ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் காத்திருக்க அவர் கற்றுக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து வந்த பீபாப் என்னும் புதுப்பாணியையும் உள்வாங்கி, 1951இல் பாரிஸின் கிளப் சென்-ஜெர்மேனில் தம்மினும் மிக இளையோருடன் வாசித்தார். ஐவர் குழுவின் பழைய ரசிகர்கள் முகஞ்சுளித்தனர். மரத்தின் வாசம் போய்விட்டது, கம்பியின் வாசமே மிஞ்சியது என்பது அவர்கள் குறை. அதிற் பொய் இல்லை. மெல்லிய பலகையில் அடித்தெழும் அந்தச் சுள்ளென்ற தாக்கு மின்னொலியில் மழுங்கிவிட்டது. அதனை இழப்பென்றே நாமும் கொள்கிறோம். ஆனால் நுவாஷ் என்னும் உருவை 1940இல் பதிந்தபடியும் 1953 மார்ச்சில் பதிந்தபடியும் ஒருமுறை அடுத்தடுத்துக் கேட்பவர், இழந்ததற்கு ஈடாய் வந்தது யாதெனத் தாமே உணர்வர். முன்னதில் கிதார் அழகாய்ப் பேசுகிறது. பின்னதில், பியானோவும் பாஸும் முரசும் தாங்கி நிற்க, நாற்பத்துமூன்று வயது மனிதர் ஒருவர் மெல்லப் பாடுகிறார்.

அப்பதிவு நடந்த நாட்களில் அவர் குடியிருந்தது ஸேன் ஆற்றங்கரையிலுள்ள சாம்வா என்னும் சிற்றூர். 1951இல் அங்கு சென்றபின் ஆற்றில் மீன் பிடிப்பதும், படம் வரைவதும், பில்லியர்டு ஆடுவதுமாய்ப் பொழுதைக் கழித்து, விரும்பியபோது மட்டும் நகரம் சென்று வாசித்துவந்தார். 1953 ஏப்ரல் 8ஆம் நாள் இளைஞர் மார்ஷியல் சோலாலின் பியானோவோடு கடைசி முறையாய் இசைத்தட்டுக்கு வாசித்தார். அடுத்த மாதம் 16ஆம் நாள் மூளையில் இரத்தப்பெருக்கு நேர்ந்து திடீரென விழுந்து, அன்றே உயிர்நீத்தார். சாம்வாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். செல்மர் கம்பெனியார் அதற்கு முந்தைய ஆண்டிலேயே கிதார் செய்வதை நிறுத்தியிருந்தனர். அவர் வாசித்த 503ஆம் எண்ணுள்ள செல்மரை அவர் மனைவி நாகின் 1964இல் பாரிஸ் கன்சர்வேட்டரியின் காட்சிசாலைக்கு அளித்தார். தந்திகளோடு அது இப்போது அந்நகரத்து இசைக் காட்சிசாலையில் இருக்கிறது.