கவர்னர் ஓல்ஸனும் வெண்கலப் பன்றியும்

கலாசாலைகள் ஒன்றோடொன்று பந்தாடும் தேசங்களிலெல்லாம் வென்றவர்க்கு வெள்ளிக் கோப்பையோ கேடயமோ வழங்குவது வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியில் இவ்வழக்கம் சற்று விநோதமான வடிவம் கொண்டது. அங்குள்ள மின்னஸோட்டா சர்வகலாசாலை, மிச்சிகன் சர்வகலாசாலையோடு ஆடுங்கால் போராடுவது ஒரு தண்ணீர்ச் சாடிக்காக. விஸ்கான்ஸினோடு ஆடியபோது 1930 முதல் சில ஆண்டுகள் பரிசாய் விளங்கியது உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டின் பெயர் பூண்ட ஒரு மரப்பலகை. ஐயோவா சர்வகலாசாலையோடு ஆடுங்காலோ வெண்கலத்தால் வார்த்த ஒரு பன்றியையே வென்றவர் தூக்கிக்கொண்டு போவர். அப்பன்றிக்குப் பெயரும் உண்டு. ரோஸ்டேல் பிளாய்ட் என்பது அது. மின்னஸோட்டா மாகாணத்தின் கவர்னராயிருந்த பிளாய்ட் ஓல்ஸன் என்பாரின் பெயரே அங்ஙனம் பன்றிக்கு வந்து சேர்ந்தது. மூன்று முறை கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் பெயர் ஒரு பன்றியின்மேல் நின்ற காரணத்தைக் கூற வேண்டின் அவர் சரித்திரத்தையே கூற வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுதல் நலம். அமெரிக்கர் ஆடுவது நாம் ஆடும் கால்பந்தன்று. அவர்கள் பந்து நீண்டு இருபுறமும் கூர்த்திருக்கும். அதைக் கையிலேந்தி ஓடலாம். ஓடுபவனை எதிரணியார் பாய்ந்து பிடித்துத் தரையில் வீழ்த்தலாம். வீழ்த்துதலுக்கும் அடித்தலுக்கும் இடையேயுள்ள எல்லை மெல்லியது. இச்சரித்திரத்தில் வரும் துன்பம் அவ்வெல்லையில் விளைந்ததே.

ஓல்ஸன் 1891-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி மினியாபோலிஸ் நகரில் பிறந்தார். தந்தை நார்வே நாட்டினின்று குடியேறிய ரயில்வேத் தொழிலாளி. தாய் ஸ்வீடன் நாட்டினர். அவர்கள் குடியிருந்த வடபகுதியில் யூதர் பலர் வாழ்ந்தனர். ஓய்வு நாளில் நெருப்பு மூட்டுதல் முதலிய வேலைகளைச் செய்யலாகாது என்பது அவர்கள் விதி. அவ்வேலைகளை அண்டை வீட்டுச் சிறுவனாகிய ஓல்ஸன் செய்து கொடுப்பார். அவர்கள் வீட்டில் பேசும் இத்திஷ் மொழியையும் கற்றுக்கொண்டார். பிறர் வீட்டு வாசலில் அந்நியனாக நில்லாமை அவருக்கு இளமையிலேயே கைவந்தது.

அவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்புவதற்குச் சில நாட்கள் இருந்தபோது, 1903 அக்டோபர் 31-இல், அதே நகரில் மிச்சிகன் அணியார் வந்து ஆடினர். யோஸ்ட் என்ற பயிற்சியாளர் 1901-இல் வந்தது முதல் தோல்வியே காணாத அணி அது. மின்னஸோட்டாவோடு 6-க்கு 6 என்று சமனாயிற்று. ஜனங்கள் மைதானத்துள் வெள்ளமாய்ப் புகுந்தனர். மிச்சிகனார் தாங்கள் 30 சென்டுக்கு வாங்கி வைத்திருந்த தண்ணீர்ச் சாடியை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். ஆஸ்கார் மன்ஸன் என்ற ஏவலாளர் அதனைக் கண்டெடுத்தார். அதன்மேல் வண்ணந் தீட்டுகையில் மின்னஸோட்டாவின் ஆறைப் பெரிதாகவும் மிச்சிகனின் ஆறைச் சிறிதாகவும் எழுதினார்களாம். சமனான ஆட்டத்திலும் தம்மவர் ஆறு பெரிதாகத்தான் தோன்றும் போலும்! 1909-இல் மிச்சிகனார் மீண்டும் வந்து 15-க்கு 6 என்று வென்று சாடியை மீட்டனர். அன்று முதல் அச்சாடி பரிசாயிற்று.

ஓல்ஸன் 1910-இல் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் சட்டம் பயிலச் சேர்ந்தார். அவர் கல்வி அங்கே ஓராண்டுக்குமேல் நீடிக்கவில்லை. விதிக்கு மாறாக வட்டத்தொப்பி அணிந்து திரிந்தார், மாணவர்க்குக் கட்டாயமாயிருந்த படைப்பயிற்சியை மறுத்தார், ஈற்றில் நீக்கப்பட்டார். எந்தச் சர்வகலாசாலையின் மானத்தைப் பந்தயத்தில் வைத்துப் பின்னாளில் பன்றியை வென்றாரோ, அதே சர்வகலாசாலை வெளியே அனுப்பிய மாணவர் இவர் என்பது மாணவர்கள் நினைவில் வைக்கத்தக்கது. (நீக்கப்படுவோரெல்லாம் கவர்னராவர் என்று யாரும் இதனாற் பொருள்கொள்ள வேண்டா.)

பின்பு மேற்குக் கடற்கரை சென்று சியாட்டில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார். ஊர் திரும்பி, பகலில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராயிருந்து, இரவில் பயின்று 1915-இல் சட்டப் பட்டம் பெற்றார். 1920-இல் மினியாபோலிஸ் அடங்கிய ஹென்னப்பின் ஜில்லாவின் அரசாங்க வழக்கறிஞரானார். பத்தாண்டு அப்பதவி வகித்தார். அக்காலத்தில் கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறிச் சங்கம் வடமாகாணங்களிலும் தலையெடுத்தது. 1923-இல் அச்சங்கத்தார் நகர மேயர்மேல் பொல்லாப் பழி சுமத்தினர். ஓல்ஸன் அவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றித் தண்டனை வாங்கித் தந்தார். அவர் பெயர் மாகாணமெங்கும் பரவியது அவ்வழக்கினால்.

அதே 1923-ஆம் ஆண்டு அக்டோபரில், அதே நகரில், வேறொரு துயரம் நிகழ்ந்தது. ஏம்ஸ் நகரத்து ஐயோவா ஸ்டேட் கலாசாலையினின்று ஜாக் டிரைஸ் என்னும் கறுப்பின மாணவர் தம் அணியோடு ஆட வந்தார். ஆட்டத்துக்கு முந்தின இரவு விடுதியறையில் அமர்ந்து, தம் இனத்தின் மானமும் குடும்பத்தின் மானமும் மறுநாள் தம்மிடத்தில் இருப்பதாக ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் ஆட்டத்தில் எதிரணியார் பலர் காலடியில் மிதியுண்டார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 8-இல், உள்ளே இரத்தம் கசிந்து உயிர் நீத்தார். அவ்விரு அணிகளும் 1989 வரை மீண்டும் எதிரெதிரே நின்று ஆடவில்லை. ஏம்ஸ் நகரத்து விளையாட்டரங்கு 1997 முதல் அவர் பெயர் தாங்கியிருக்கிறது.

நிற்க. ஓல்ஸன் 1930-இல் விவசாயி-தொழிலாளர் கட்சியின் சார்பில் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1931 ஜனவரியில் பதவியேற்றார். பொருளாதாரப் பஞ்சம் கடுமையாயிருந்த காலம் அது. கடனைத் தீர்க்க வழியின்றி உழவர் நிலமும் வீடும் ஏலத்துக்கு வந்தன. 1933 பிப்ரவரியில், ஏலத்தை நிறுத்துமாறு ஜில்லா அதிகாரிகளுக்கு அவர் ஆணையிட்டார். அவ்வாணையைத் தொடர்ந்து சட்டசபையும் சட்டம் இயற்றியது. கடன் கொடுத்தோர் வழக்காடினர். தலைமை நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் 1934 ஜனவரியில் சட்டம் செல்லும் என்று தீர்த்தனர். ஒரு நீதிபதியின் வாக்கில் எத்தனையோ குடும்பங்கள் தம் வீட்டிலேயே தங்கின.

அவ்வாண்டுக் கோடையில் மினியாபோலிஸ் லாரி ஓட்டுநர் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூலை 20-இல் போலீசார் சுட்டதில் 67 பேர் காயமுற்றனர், இருவர் மாண்டனர். ஓல்ஸன் படைச்சட்டம் பிறப்பித்தார். தொழிலாளர் நண்பர் என்று பேர் பெற்றவருடைய படையே வேலைநிறுத்தத் தலைவர்களைச் சிறைபிடித்தது. அடுத்த சில நாட்களில் அதே படை முதலாளிகள் சங்கத்தின் அலுவலகத்தையும் சோதனையிட்டது. இரு சாராரும் அவரை ஏசினர். ஆகஸ்டில் தொழிலாளர் கோரிக்கைகளில் முக்கியமானவை ஏற்கப்பட்டு வேலைநிறுத்தம் முடிந்தது. தெருவில் கிளம்பும் கோபம் எத்தனை விரைவில் உயிரைக் குடிக்கும் என்பதை அவர் அக்கோடையில் கண்கூடாகக் கண்டார். அடுத்த ஆண்டு அவர் செய்த வேடிக்கைச் செயலை இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும்.

1934 அக்டோபர் 27-இல் மின்னஸோட்டா அணி ஐயோவா நகரம் சென்று 48-க்கு 12 என்று வென்றது. பெர்னி பியர்மன் பயிற்றிய அவ்வணி அவ்வாண்டு நாட்டிலேயே தலைசிறந்தது, வெற்றியில் வியப்பில்லை. ஐயோவா அணியில் ஆஸி ஸிம்மன்ஸ் என்றொரு கறுப்பின வீரர் இருந்தார். டெக்ஸஸ் மாகாணத்துப் போர்ட் வொர்த் நகரினின்று கல்வியும் ஆட்டமும் நாடி வடக்கே வந்தவர். பந்தையேந்தி வளைந்து நெளிந்து ஓடுவதில் அவருக்கு நிகர் சிலரே. அன்று அவரை எதிரணியார் மீண்டும் மீண்டும் வீழ்த்தினர். வீழ்ந்த பின்னும் மேலே விழுந்து அடித்தனர் என்பது ஐயோவாவினர் முறையீடு. ஸிம்மன்ஸ் ஒருமுறைக்கு மேல் நினைவிழந்து, ஆட்டத்தினின்று விலக நேர்ந்தது. ஜாக் டிரைஸ் மாண்டு பதினோராண்டுதான் ஆகியிருந்தது.

ஓராண்டு முழுதும் அக்கோபம் நீறுபூத்த நெருப்பாயிருந்தது. 1935 நவம்பர் 9-இல் மீண்டும் ஐயோவா நகரிலேயே ஆட்டம். பியர்மனுக்கு மிரட்டற் கடிதங்கள் வந்தன. அவர் தம் வீரர்க்குப் போலீஸ் காவல் கேட்டார். ஐயோவா கவர்னர் கிளைட் ஹெரிங், நடுவர்கள் பொறுத்தாலும் கூட்டத்தார் பொறுக்கமாட்டார் என்னும் கருத்துப்படப் பத்திரிகையாளரிடம் பேசினார். கவர்னரே இங்ஙனம் பேசினால் மைதானத்தைச் சூழ நிற்கும் ஆயிரக்கணக்கானவர் என் செய்யமாட்டார்! மின்னஸோட்டாவில் சினம் பொங்கியது. இனி ஐயோவாவோடு எவ்வித விளையாட்டும் வேண்டா என்ற பேச்சும் எழுந்தது.

ஓல்ஸன் அறிக்கை விடவில்லை, பதிலுக்கு வையவுமில்லை. ஹெரிங்குக்கு ஒரு தந்தி அடித்தார். ஹெரிங்கின் பேச்சால் மின்னஸோட்டாவினர் கிளர்ச்சி கொண்டிருப்பதாகவும், தம் அணியார் ஒழுங்காக ஆடுவர் என்று உறுதி கூறுவதாகவும் அதில் தெரிவித்தார். கூடவே ஒரு பந்தயமும் கட்டினார். மின்னஸோட்டாவின் உயர்ந்த பன்றி ஒன்றுக்கு ஐயோவாவின் உயர்ந்த பன்றி ஒன்று. தோற்ற கவர்னர் பன்றியைத் தாமே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஹெரிங் ஏற்றார்.

பன்றி என்றதும் நம்மவர் முகஞ்சுளிக்கக் கூடும். அந்நாட்டு உழவர்க்கு அது நம் உழவர்க்கு மாடு போன்றது. விலை வீழ்ச்சியைத் தடுக்க 1933-இல் மத்திய அரசாங்கம் சுமார் 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொல்வித்தது. அத்துயரத்தை இரு மாகாணத்து உழவரும் ஒருங்கே அனுபவித்திருந்தனர். ஓல்ஸன் வெள்ளிக் கோப்பையைப் பந்தயத்தில் வைத்திருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். பன்றி என்றமையால் இரு பக்கமும் சிரிப்பு எழுந்தது. செய்தி ஆட்டத்துக்கு முன்பே ஐயோவா நகரில் பரவிற்று.

ஆட்டம் அமைதியாக நடந்தது. மின்னஸோட்டா 13-க்கு 6 என்று வென்றது. அதன் வீரர் சிலர் ஸிம்மன்ஸிடம் சென்று அவர் ஆட்டத்தைப் பாராட்டிக் கை கொடுத்தனர். ரோஸ்டேல் பண்ணையில் வளர்ந்த பன்றி ஒன்றுக்கு ஓல்ஸனின் முதற்பெயரையே சூட்டி, ஹெரிங் செயின்ட் பால் நகரத்துக் கவர்னர் அலுவலகத்துக்குள் கம்பளத்தின்மேல் நடத்திக்கொண்டு போனார். சூதாடினார் என்று ஐயோவாவில் ஒருவர் அவர்மேல் வழக்கும் தொடுத்தார்; அது நகைப்பில் முடிந்தது. ஓல்ஸன் அப்பன்றியை ஒரு கட்டுரைப் போட்டிக்குப் பரிசாக்கினார். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதை வென்றான். அதன் உருவை வெண்கலத்தில் வார்க்கும் பணியைச் சார்லஸ் பிரியாஸ்கி என்ற சிற்பியிடம் ஒப்புவித்தார். 21 அங்குல நீளமுள்ள அவ்வுருவே இன்றளவும் இரு சர்வகலாசாலைகளும் பொருதும் பரிசு.

இனி, சற்றுக் கசப்பான ஒன்றையும் கூறாதிருத்தல் முறையன்று. ஓல்ஸனின் தந்தி கோபத்தை அணைத்தது. கோபத்தின் காரணத்தை விசாரிக்கவில்லை. மைதானத்தில் ஸிம்மன்ஸுக்கு என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்ற கேள்வி சிரிப்பில் மறைந்தது. கிளான் கூட்டத்தைக் கூண்டிலேற்றிய வழக்கறிஞர் இக்கேள்வியைக் கேட்கத் தகுதியுடையவர். கேட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆட்டத்தன்று காலை ஒருவர் செய்யக்கூடியது அவ்வளவே என்று சொல்வாரும் உளர். ஒருவேளை அவர் அவ்வாறு தலையிடாதிருந்தால் அன்று இரத்தம் சிந்தியிருக்கும். ஆயினும் பரிசின் பெயரில் கவர்னர் இருக்கிறார், பண்ணை இருக்கிறது. எவர் பொருட்டு அப்பரிசு பிறந்ததோ அவர் இல்லை. தொழில்முறைப் பந்தாட்டச் சங்கம் 1934 முதல் 1945 வரை கறுப்பின வீரரை ஆட்டத்தில் சேர்க்காமையால் ஸிம்மன்ஸுக்கு அக்கதவும் அடைத்திருந்தது. அவர் சிகாகோ நகரப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியராய் நெடுங்காலம் பணிபுரிந்து, 2001-இல் காலமானார்.

ஓல்ஸன் குறைகளற்றவரல்லர். மதுவிருப்பமும், சில தகாதாரோடு பழக்கமும் அவருக்குண்டு என்று பகைவர் தூற்றினர். அதில் முழுதும் பொய்யென்று தள்ளக்கூடாதனவும் உண்டு. 1936-இல் ஐக்கிய நாடுகளின் செனட் சபைக்கு நிற்க ஆயத்தமானார். அதற்குள் புற்றுநோய் பற்றிற்று. அவ்வாண்டு கோடையில், பெயர் பெற்ற அப்பன்றி கொள்ளைநோயால் மாண்டது. ஆகஸ்டு 22-இல் ராச்செஸ்டர் நகரில் ஓல்ஸனும் இறந்தார். வயது 44.

அந்த நவம்பரில் ஐயோவா அணி மினியாபோலிஸ் வந்து 52-க்குப் பூஜ்யம் என்று தோற்றது. பன்றி மின்னஸோட்டாவிலேயே தங்கிற்று.