மானிப்பாய் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறியோசை கேளாத தெரு அரிது. ஆங்குப் பெரும்பாலும் நெய்யப்படுவது புடைவையன்று, வேட்டியுமன்று. புண்ணுக்கு இடும் கட்டுத்துணியே. வெளுத்துச் சுருட்டி மூட்டையாக்கப்பெற்ற அத்துணி நாட்டின் பல மூலைகளிலுமுள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கின்றது. பிறர் காயத்தைக் கட்டுதற்கு இத்தனை முழம் நெய்து தரும் மக்கள், தம் வீட்டு வாயிலில் ஒருவன் அடிபட்டு வீழ்ந்தால் அக்காயத்தை எங்ஙனம் கட்டுவதென்று அறிவரோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு.

அவ்வையத்தோடுதான் இராஜபாளையத்தில் நடைபெற்ற முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்கு யாம் சென்றிருந்தோம். ஆலைத் தொழிலாளரும், ஸ்ரீவில்லிபுத்தூரினின்று வந்த ஆசிரியர் சிலரும், பேருந்து ஓட்டுநரும், செவிலியரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தனர். நெஞ்சு நின்றுபோனவனுக்குச் செய்யவேண்டிய முறையைப் பயிற்றுவோர் ஒரு ரப்பர்ப் பொம்மையைக் கிடத்தி விளக்கினார். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஆராய்ச்சியாளர் மூவர் வெளியிட்டதும், இன்று உலகெங்கும் பயிற்றப்படுவதுமான முறை அது. கருவி யாதும் வேண்டாம். இரண்டு கைகள் போதும். ஆனால் அவர் ஸ்டெர்னம் என்றும் கம்ப்ரெஷன் என்றும் சொல்லிக்கொண்டு போக, செவிலியர் தலையசைத்தனர். மற்றையோர் கைகட்டி நின்றனர். பின்னர் யாரோ ஒருவர், மார்பின் நடுவெலும்பில் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடியை வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறுக்கு மேற்போகாமலும் அழுத்துக என்று தமிழில் எடுத்துரைத்தார். அப்பொழுதுதான் கைகள் நீண்டன. நூல் சுற்றும் பகுதியில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் எவரினும் சீராக அழுத்தினார்.

அன்று திரும்பும் வழியில் எம் உள்ளத்தில் நின்றவர் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இதே இடர்ப்பாட்டைக் கண்டு, அதனைத் தீர்க்கத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட டாக்டர் கிரீன் ஆவர். யாழ்ப்பாணத்தார் அவரை மறந்திலர். நம் பக்கத்திலோ அவரை அறிந்தோர் சிலரே. 1834-இல் மதுரையில் வந்து பணி தொடங்கிய அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்தனராதலின், அவர் நமக்கும் முற்றும் அயலாரல்லர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் சாமுவேல் பிஸ்க் கிரீன் பிறந்தார். அவர் தமையனார் ஆண்டுரு ஹாஸ்வெல் கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரை விரிவாக்கி அமைத்தவருள் தலையாயவர் எனப் புகழ்பெற்றவர். அந்நகரத்து நடுப்பூங்காவும் அவர் உழைப்புக்குக் கடன்பட்டது. இளையவரும் நியூயார்க்கிலேயே மருத்துவம் கற்றார். விரும்பியிருப்பின் தமையனார் நிழலில் செல்வ வாழ்வு வாழ்ந்திருக்கலாம். அவரோ 1847-இல் கப்பலேறி அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே, 1820 முதல் பண்டத்தரிப்பில் டாக்டர் ஜான் ஸ்கடர் மருத்துவம் புரிந்திருந்தார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா அம்மையாரின் பாட்டனாரே அந்த ஸ்கடர் என்பது நம் மாணவர்க்கு நினைவிருக்கும்.

மானிப்பாயில் அமர்ந்த கிரீன் முதலிற் கண்டது எண்ணிக்கையின் கொடுமை. நோயாளர் பலர், மருத்துவர் ஒருவர். பனை வளரும் நாட்டில் ஏறி விழுவோரும், மாடு முட்டப்பெற்றோரும், அரவு தீண்டப்பெற்றோரும் மருத்துவர் வரும் வரையில் காத்திரார். வாந்திபேதி தோன்றிவிட்டாலோ விடியலில் நலமாயிருந்தவன் அந்திக்குள் இறப்பான். ஒருவர் எத்தனை ஊருக்கு ஓடுவர்? ஆகவே அவர் வந்த மறு ஆண்டே, அதாவது 1848-இலேயே, சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். இலங்கையிலே மேனாட்டு மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட பழைய வகுப்புக்களுள் அது ஒன்றாகும். நோய் தீர்த்த மருத்துவர் பலர் உளர். தம்மை வேண்டாதவராக்கிக் கொள்ளும்படி பிறரைப் பயிற்றியோர் அரியர்.

முதற் பத்தாண்டுகளில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதன் பயன் எதிர்பார்த்தவாறு இல்லை. ஆங்கிலம் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தையும் தூரத்து நகரங்களையும் நாடினர். கிராமம் பழையபடியே மருத்துவரின்றி நின்றது. இக்கவலை அவருக்கு மட்டுமன்று. புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி 1855-இல் மூடப்பட்டதற்கும் இதனையொத்த எண்ணமே ஒரு காரணம். உடல்நலம் குன்றிக் கிரீன் 1857-இல் தாயகம் சென்றார். ஆங்கிருந்த காலத்தில் அவர் உள்ளத்தில் ஒரு முடிவு உறுதிப்பட்டிருக்க வேண்டும். 1862-இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டே மீண்டும் மானிப்பாய் வந்தவர், ஈராண்டுக்குள் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றினார் என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டோம். அது செய்வதற்கு எத்துணை அரிது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழில் பாடநூல் இல்லை. நூல் எழுதச் சொல் இல்லை. ஓர் எலும்பின் மேடு பள்ளங்களுக்கும், நாடி நரம்புகளின் கிளைகளுக்கும், ஒவ்வொரு தசைக்கும் பெயரிட்டாலன்றி முதற் பாடமே நடவாது. கிரீன் சொல்லாக்கத்துக்கு ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது; அது கிட்டாவிடின் வடமொழியை நாடுவது; அங்கும் இன்றேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்துக் கொள்வது. இவ்வகையில் உடலுறுப்புக்களின் அமைப்பைக் கூறுவது அங்காதிபாதம் ஆயிற்று. உடல் நலமுற இயங்கும் வகையைக் கூறுவது சுகரணம் ஆயிற்று. கெமிஸ்ட்ரி என்பது கெமிஸ்தம் என்று வேட்டி கட்டிக்கொண்டது. இவற்றை இன்று உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்கின்றோம். அவருடைய சொற்களிற் பல நிலைக்கவில்லை. சில காதுக்கு இனிமையாகவும் இல்லை. ஆயினும் நல்ல சொல் கிடைக்கும் வரையில் பாடத்தை நிறுத்தி வைப்பதென்று அவர் எண்ணியிருந்தால் எத்தனையோ உயிர்கள் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

நூல்களை அவர் தனியே இருந்து மொழிபெயர்க்கவில்லை. டான்போர்த், சாப்மன், வில்லியம் பால், சுவாமிநாதர் முதலிய மாணாக்கர் உடனிருந்து உழைத்தனர். பெயரைக் கண்டு இவருள் முதல் மூவரை வெள்ளையர் என்று கருதற்க. மிஷன் பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயர்களைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சூட்டுதல் அக்கால யாழ்ப்பாண வழக்கம். வியப்பு யாதெனில், கிரீனுக்கு அவ்வழக்கம் பிடிக்கவில்லை. தம் மாணாக்கர் தமிழ்ப் பெயரோடும் தமிழுடையோடும் இருத்தலையே அவர் விரும்பினார்; காற்சட்டை அணிந்தவன் நோயாளியின் திண்ணையில் அமரத் தயங்குவான் என்பது அவர் கருத்துப் போலும்.

கட்டர் என்பாரின் நூலும் மான்செல்லின் மகப்பேற்று நூலும் 1850-களிலேயே தமிழாயின. 1867-இல் துரூயிட் எழுதிய அறுவைநூல் இரண வைத்தியம் என்னும் பெயரில் வெளிவந்தது. புண்ணும், குருதிப் பெருக்கும், எலும்பு முறிவும், மூட்டு நழுவலும் பற்றிய மேனாட்டு முறைகளைத் தமிழன் ஒருவன் தன் மொழியில் விரிவாகப் படிக்க அந்நூல் வழி செய்தது. இலண்டனில் முதலுதவி வகுப்புக்களைப் பரப்பிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது 1877-இல். அதற்குப் பத்தாண்டு முந்தியது இது. 1858-இல் இலண்டனில் வெளிவந்த கிரே என்பாரின் பேர்போன உடற்கூற்று நூல், 1872-இல் மனுஷ அங்காதிபாதம் எனத் தமிழில் அச்சேறியது. எல்லாம் கூடி நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. சில நூல்கள் நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சாயின என்பதை நம் தென்பாண்டி வாசகர்க்குச் சொல்லாமல் விட மனமில்லை.

எதிர்ப்பு இல்லாமலில்லை. அவ்வெதிர்ப்பும் நேர்மையற்றதன்று. தமிழில் மருத்துவம் கற்றவனுக்கு அரசாங்கத்தில் உயர்ந்த இடம் யார் தருவார்? புதிதாக வெளிவரும் நூல்களை அவன் எங்ஙனம் அறிவான்? இளைஞர் ஆங்கிலத்தை விரும்பியது வயிற்றுப்பாட்டை எண்ணியே. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் மீண்டும் ஆங்கிலக் கல்லூரி வேண்டுமென்று முயன்று 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியைக் கண்டனர். இவ்வினாக்களுக்குக் கிரீன் முழு விடை கண்டார் என்று யாம் சொல்லோம். அவர் நோக்கம் வேறு. அவர் வேண்டியது பதவி பெறும் மருத்துவரையன்று. தான் பிறந்த ஊரிலேயே தங்கி, அடுத்த வீட்டார் அழைத்தால் நடந்தே செல்லக்கூடிய மருத்துவரை. அந்நோக்கத்துக்குத் தமிழ் வகுப்பு பொருந்திற்று. இரு காலத்திலும் சேர்த்து அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதுக்கு மேற்பட்டவர்.

அவர் காலத்தில் நெஞ்சழுத்த முறை இல்லை. நச்சுக்கிருமியைப் பற்றிய தெளிவும் மேல்நாட்டிலேயே அரும்பிக் கொண்டிருந்தது. ஆதலின் அவர் கற்பித்தவற்றுள் இன்று கைவிடப்பட்டவை பல இருக்கும். ஒன்று மட்டும் மாறவில்லை. நெஞ்சு நின்ற சில நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்கும். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 வண்டி எத்துணை விரைந்து வரினும், ஆடிப்பூரத் தேர்க்கூட்டத்தின் நடுவே வீழ்ந்தவனிடம் முதலில் இருப்பவர் மருத்துவர் அல்லர். வடம் பிடித்தவரோ, பூ விற்பவரோதாம். அவர்கள் கைக்கு எட்டுமாறு எம்மொழியில் சொல்வது என்பதே கிரீன் எடுத்துக்கொண்ட வினா.

1873-இல் உடல் தளர்ந்து அவர் மானிப்பாயை விட்டார். பணியை விட்டாரல்லர். மாணாக்கர் மொழிபெயர்த்த ஏடுகள் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வூஸ்டர் சென்றன. திருத்தம் பெற்று மீண்டும் கடல் கடந்து வந்தன. பல திங்கள் பிடிக்கும் இப்போக்குவரத்திலேயே 1875-இல் கெமிஸ்தமும், 1883-இல் டால்டன் என்பாரின் நூலாகிய மனுஷ சுகரணமும் முடிவெய்தின. பனி பெய்யும் ஊரில், தமிழ் அச்சுப்படியில் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருந்த அம்முதியவரை மனக்கண்ணாற் காணுங்கால் எமக்கு ஒரு நாணம் உண்டாகின்றது.

சுகரண நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே மாதம் 28-ஆம் நாள் அவர் காலமானார். அவர் தொடங்கிய தமிழ் வகுப்பு அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே திரும்பிற்று. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை உண்டு. வூஸ்டரில் அவர் கல்லறைமேல் நாட்டப்பட்ட எளிய கல்லில், தமிழருக்கு மருத்துவப் பணி புரிந்தவர் என்னும் பொருள்படச் சில சொற்களே உள்ளன. அவ்வாறே பொறிக்குமாறு உயிரோடிருக்கையில் அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.