சூரியப் புள்ளிகளின் ரகசியத்தைக் கொடைக்கானலில் கண்டுபிடித்த ஜான் எவர்ஷெட் யார்?

சூரியனில் கிளம்பும் காந்தப் புயல், கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பலின் ஜிபிஎஸ் கருவியைக் கூட தடுமாற வைக்கலாம். 2024 மே மாதம் பூமியைத் தாக்கியது அப்படியொரு கடும் புயல்தான். இந்தப் புயல்கள் பெரும்பாலும் சூரியப் புள்ளிகள் உள்ள பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. அந்தப் புள்ளிகளைத் தமிழ்நாட்டு மலை ஒன்றிலிருந்து ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஜான் எவர்ஷெட்.

பஞ்சம் தந்த ஆய்வகம்

1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே கணிக்கலாமே என்ற எண்ணம் அப்போது வலுத்தது. அதன் விளைவாகத்தான் 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானது.

1864-ல் இங்கிலாந்தில் பிறந்த எவர்ஷெட், முதலில் லண்டனில் தொழில்துறை வேதியியல் பணியில் இருந்தார். வானியல் அவருக்குப் பொழுதுபோக்குதான். 1907-ல், மனைவி மேரியுடன் கொடைக்கானல் வந்து சேர்ந்தார். மேரியும் வானியல் ஆய்வாளர். சூரியச் சுடர்களைப் பற்றி இருவரும் சேர்ந்தே ஆய்வு செய்தார்கள்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

சூரியப் புள்ளிகளில் பூமியின் காந்தத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலுவான காந்தப்புலம் இருப்பதை 1908-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹேல் காட்டினார். புள்ளிகள் சுழல்காற்று மாதிரி சுற்றுகின்றன என்பது அவருடைய கருத்து. அந்தச் சுழற்சியைத் தேடித்தான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்.

எதிர்பார்த்த சுழற்சி கிடைக்கவில்லை. வாயு, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டதை அப்படியே எழுதினார். இன்று அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். புள்ளியின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் காந்தக் கோடுகள்தான் அந்த ஓட்டத்துக்கு வழி போட்டுக் கொடுக்கின்றன என்பது பின்னால் தெரிய வந்தது.

ஐன்ஸ்டைனுக்கும் ஒரு சோதனை

சூரியனின் ஈர்ப்பு பூமியைவிட சுமார் 28 மடங்கு அதிகம். அதை மீறி வெளியேறும் ஒளி கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகரும் என்றார் ஐன்ஸ்டைன். அந்த நகர்வு பத்து லட்சத்தில் 2 பங்குதான்! சூரிய வாயுவின் ஓட்டமும் ஒளியை நகர்த்துவதால், எது ஈர்ப்பின் வேலை, எது வாயுவின் வேலை என்று பிரிப்பது பெரும் பாடாக இருந்தது. முதலில் சந்தேகப்பட்ட எவர்ஷெட், பல ஆண்டுகள் அளந்து பார்த்த பிறகே ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தார்.

1911-ல் ஆய்வக இயக்குநரான அவர், 1923-ல் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். அங்கும் சொந்த ஆய்வகம் அமைத்துச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். 1956-ல், 92 வயதில் காலமானார்.

பருவமழையைக் கணிக்கும் அந்தப் பழைய கனவு எதிர்பார்த்தபடி கைகூடவில்லை. ஆனால் கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த சூரியப் படங்கள் வீண் போகவில்லை. சூரியனின் காந்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அறிய, ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் படங்களைத்தான் புரட்டுகிறார்கள்.